எந்த அளவு எந்தத் தொகுதியில்?

அரசு மருத்துவமனைகளின் தரத்தை மதிப்பிட மத்திய சுகாதார அமைச்சகம் 2013-ல் தேசியத் தர உறுதித் தரநிலைகளை வகுத்தது. அவற்றின் கடைசிப் பகுதி, விளைவுகளை நான்கு தொகுதிகளாக வைக்கிறது: பணியின் அளவு, செயல்திறன், சிகிச்சையும் பாதுகாப்பும், சேவைத் தரம். படுக்கைகள் நிரம்பும் விகிதம் முதல் தொகுதி. நோயாளியை மேல்சிகிச்சைக்கு வேறிடம் அனுப்பும் விகிதம் இரண்டாவது. அறுவைப் புண்ணில் கிருமித் தொற்று மூன்றாவது. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குக் கிளம்பிவிடுவோர் கணக்கு நான்காவதில் வரும்.

இது நிர்வாக வசதிக்கான பிரிவினை. புள்ளியியல் வேறு விதமாகப் பிரிக்கும். பல மருத்துவமனைகளின் எண்களைச் சேர்த்து, எவை ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகின்றன என்று பார்த்து, அவற்றுக்குப் பின்னால் பொதுவான காரணி ஒன்று இருப்பதாகக் கொள்ளும். மாணவர்களின் மதிப்பெண்களை ஆராய 1904-ல் சார்லஸ் ஸ்பியர்மேன் கையாண்ட காரணிப் பகுப்பாய்வே இதன் வேர்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. அமெரிக்க அரசு 2016-ல் மருத்துவமனைகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரங்கள் வழங்கத் தொடங்கியபோது, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் எந்த அளவுக்கு எவ்வளவு எடை என்பதை இத்தகைய கணக்கே தீர்மானித்தது. பாதுகாப்புத் தொகுதியில் ஒரே ஓர் அளவு மற்றவற்றை அமுக்கிவிட்டது. 2018-ல் அந்த இடத்துக்கு இடுப்பு, முழங்கால் அறுவையின் பின்விளைவுகள் வந்ததும், சிகாகோவின் ரஷ் மருத்துவமனை ஐந்திலிருந்து மூன்று நட்சத்திரத்துக்கு இறங்க இருந்தது. எதிர்ப்பு கிளம்பியது, வெளியீடு தள்ளிப்போனது. 2021-ல் அந்தக் கணக்கையே கைவிட்டு, எளிய சராசரிக்கு மாறினார்கள். நல்ல முடிவு. தன் மதிப்பெண் ஏன் குறைந்தது என்று மருத்துவமனையே புரிந்துகொள்ள முடியாத கணக்கால் யாருக்கும் பயனில்லை.

சென்னையின் மேற்குப் புறநகரில் சிக்கல் வேறு. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி அரசு மருத்துவமனைகள் சிறியவை. பூந்தமல்லி நெடுஞ்சாலை விபத்தில் தலையில் பலத்த அடிபட்டவரை முதலுதவி செய்து, 108 ஆம்புலன்ஸில் ஏற்றி, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைக்கோ சென்ட்ரல் அருகே உள்ள அரசுப் பொது மருத்துவமனைக்கோ (ஜி.எச்.) அனுப்புவதே முறை. அங்கே அவர் இறந்தால் இறப்பு அங்கேதான் பதிவாகும். அனுப்பும் விகிதம் ஏறினால் புறநகரின் இறப்பு விகிதம் இறங்கும். பெரிய மருத்துவமனையில் ஏறும். ஆகவே வெவ்வேறு தொகுதிகளில் கிடக்கும் அனுப்பும் விகிதத்தையும் இறப்பு விகிதத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். எண்ணிக்கை சிறியது என்பதும் கவனத்துக்குரியது: மாதம் நூறு பேர் சேரும் இடத்தில் ஒரே ஓர் இறப்புகூட விகிதத்தை ஒரு சதவீதப் புள்ளி நகர்த்திவிடும். ஒரு மாத எண்ணை வைத்துத் தரவரிசை போடுவது அநியாயம்.

அனுப்பிய இடத்துக்கும் இறப்பு பதிவாகும் இடத்துக்கும் உள்ள இந்த இடைவெளியைத் தாய் இறப்பில் தமிழ்நாடு முன்பே அடைத்திருக்கிறது. கர்ப்பிணி எங்கெங்கே சிகிச்சை பெற்றார், எந்த இடத்தில் தாமதமானது என்று தணிக்கையில் ஒவ்வொரு இறப்பும் பின்னோக்கித் தேடப்படுகிறது. தலைக்காயத்துக்கும் மாரடைப்புக்கும் அதே தேடல் வேண்டும். அனுப்பப்பட்டவர் என்ன ஆனார் என்ற தகவல் கீழ்ப்பாக்கத்திலிருந்து பூந்தமல்லிக்குத் திரும்பி வர வேண்டும்.