தீர்ந்த பேட்டரிக் கட்டையில் ஒளி தரும் கைச்சுற்றுக் காயில்

ஆரணி வட்டாரத்தில் கிணற்றுப் பாசனமே பெரும்பாலான சிறு விவசாயிகளுக்கு ஆதாரம். கமண்டல நாகநதியில் தண்ணீர் வரும் நாட்கள் குறைவு. ஏரி நிரம்பாத ஆண்டில் நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் மோட்டார் ஓடினால்தான் தண்ணீர். மின்சாரம் வரும் நேரத்தைப் பொறுத்து இரவிலும் மோட்டார் கொட்டகைக்குப் போக வேண்டியிருக்கிறது. ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்ற ஊர்களில் பகலில் பட்டுத்தறியில் உட்காரும் குடும்பங்களிலும் ஒரு காணி, அரைக்காணி நிலம் வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்கள் மடை திருப்பப் போவது பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகுதான்.

இருட்டில் ஸ்டார்ட்டர் பெட்டியைத் தடவித் திறப்பது ஆபத்தான பழக்கம். பெட்டியின் சூட்டுக்குப் பாம்பும் தேளும் வந்து ஒண்டும். ஈரக் கையோடு அறுந்த கம்பியைத் தொட்டுவிடவும் கூடும். 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் நம் நாட்டில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். இவர்களில் பெரும்பாலோர் கிராமத்து உழைப்பாளிகள். கொட்டகையில் இரவு முழுவதும் ஒரு சிறு வெளிச்சம் இருந்தால் இந்த ஆபத்தில் ஒரு பகுதியைத் தவிர்க்கலாம்.

அந்த வெளிச்சத்தை, நாம் தீர்ந்துவிட்டது என்று தூக்கி எறியும் பேட்டரிக் கட்டையிலிருந்தே பெறும் முறையை இங்கு விளக்குவோம். இதற்குத் தேவையான காயிலைக் கையாலேயே சுற்றிக்கொள்ளலாம். தார் சுற்றிப் பழகிய கைகளுக்கு இது மிக எளிது.

தீர்ந்த கட்டை உண்மையில் தீர்ந்ததா?

புதிய பேட்டரிக் கட்டையின் மின் அழுத்தம் சுமார் ஒன்றரை வோல்ட். உபயோகிக்க உபயோகிக்க இது குறைந்துகொண்டே வரும். ஒரு வோல்ட்டை நெருங்கும்போது சுவர்க் கடிகாரம் நின்றுவிடும். டார்ச் விளக்கு மஞ்சளாக மங்கும். நாம் கட்டையை எறிந்துவிடுவோம். ஆனால் அதனுள் மின்சக்தி இன்னும் ஓரளவு மிச்சம் இருக்கும்.

கிணற்றில் புட்வால்வு மட்டத்துக்குக் கீழேயும் தண்ணீர் கிடக்கிறது அல்லவா? பம்புசெட்டுக்கு அது எட்டாது. அதற்காகக் கிணறு வற்றிவிட்டது என்று சொல்லமாட்டோம். கட்டையின் கதையும் இதுவே. தண்ணீர் உண்டு, மட்டம் போதவில்லை. வெள்ளை எல்.இ.டி. விளக்கு எரிய சுமார் 3 வோல்ட் வேண்டும். ஒரு வோல்ட் கட்டையை நேரடியாக இணைத்தால் அது சிறிதும் எரியாது.

சிலர் தீர்ந்த கட்டையை வெயிலில் காயவைத்து உபயோகிப்பதுண்டு. சூட்டில் உள்ளே நடக்கும் இரசாயன மாற்றம் கொஞ்சம் வேகப்படுவதால் சிறிது நேரம் கூடுதலாக எரியும். புதிதாகச் சக்தி எதுவும் ஏறுவதில்லை. கட்டை வெடித்து ஒழுகவும் கூடும். ஆகவே இந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டும்.

அழுத்தம் எப்படி உயர்கிறது?

நீண்ட குழாயில் வேகமாக ஓடும் தண்ணீரைத் திடீரென்று அடைத்தால் குழாய் 'தடக்' என்று அதிரும். ஓடிய நீரின் வேகம் அந்த ஒரு கணத்தில் பெரும் அழுத்தமாக மாறுகிறது. 1796-ல் பிரான்சு நாட்டின் மாண்ட்கோல்பியர் என்பவர் இந்த அதிர்வையே பயன்படுத்தி, ஓடும் தண்ணீரில் ஒரு பகுதியை மேட்டுக்கு ஏற்றும் தானியங்கிப் பம்பை அமைத்தார். ஹைட்ராலிக் ராம் என்று அதைச் சொல்வார்கள். இதை இயக்க மின்சாரமோ எண்ணெயோ வேண்டியதில்லை. ஓடி வரும் நீரில் பெரும்பகுதி வெளியே போய்விடும்; சிறு பகுதி மட்டும் உயரத்துக்கு ஏறும்.

காயிலும் இவ்வாறே வேலை செய்கிறது. காயிலில் மின்சாரம் ஓடும்போது அதன் உள்ளே காந்தப் புலம் உண்டாகிறது. மின்சாரத்தைத் திடீரென்று நிறுத்தினால் அந்தப் புலம் சரிந்து, ஒரு கணம் மூல அழுத்தத்தைவிடப் பல மடங்கு அழுத்தத்தைத் தருகிறது. மோட்டார் சைக்கிளின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து பல ஆயிரம் வோல்ட் பொறியை இக்னிஷன் காயில் உண்டாக்குவது இப்படித்தான்.

காயிலின் இந்தக் குணத்துக்கு அடிப்படையான உண்மையை மைக்கேல் பாரடே 1831 ஆகஸ்டில் கண்டறிந்தார். இரும்பு வளையம் ஒன்றில் இரண்டு செம்புக் கம்பிச் சுற்றுகளை அமைத்தார். இனாமல் பூசிய கம்பி அன்று கிடையாது. எனவே சுற்றுகள் ஒன்றையொன்று தொடாதிருக்க நூலையும் பருத்தித் துணியையுமே இடையில் வைத்தார். நெசவாளர்களின் நூல்தான் அந்தப் பெரிய கண்டுபிடிப்புக்கும் துணை நின்றது.

தீர்ந்த கட்டைக்கு ஏற்ற எளிய அமைப்பை இசட். கபார்னிக் என்பவர் 1999 நவம்பரில் இங்கிலாந்தின் மின்னணு மாத இதழ் ஒன்றில் வெளியிட்டார். கட்டையிலிருந்து கடைசிச் சொட்டுவரை சக்தியைத் திருடுவதால் பின்னர் இதற்கு 'ஜூல் திருடன்' என்ற வேடிக்கைப் பெயர் நிலைத்தது. ஜூல் என்பது சக்தியை அளக்கும் அலகு.

தேவையான பொருட்கள்

1. பெரைட் வளையம் ஒன்று. சுண்டுவிரல் நுழையும் அளவு போதும். வானொலி உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும்.
2. இனாமல் பூசிய செம்புக் கம்பி, 28 அல்லது 30 கேஜ். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் துண்டுக் கம்பியாகக் கேட்டு வாங்கலாம். அரை மீட்டர் நீளத்தில் இரண்டு துண்டு போதும்.
3. பி.சி.547 அல்லது பி.சி.337 டிரான்சிஸ்டர் ஒன்று.
4. ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் ஒன்று. பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்று வரிசையாக வண்ணக் கோடுகள் இருக்கும்.
5. வெள்ளை எல்.இ.டி. ஒன்று.
6. ஒரு கட்டை வைக்கும் பெட்டி.

கெட்டுப்போன சி.எப்.எல். பல்பின் அடிப்பாகத்திலும் சிறு வளையம் இருக்கும். ஆனால் கண்ணாடிக் குழலில் பாதரசம் இருப்பதால், உடைத்து எடுக்க முயல வேண்டாம். மின்சாரம் தேங்கிய கண்டென்சரும் உள்ளே இருக்கலாம்.

சுற்றும் முறை

இரண்டு கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, வளையத்தின் துளை வழியாக 20 சுற்று சுற்ற வேண்டும். இரண்டு கம்பியும் ஒரே திசையில், பக்கம் பக்கமாகப் படிந்திருக்க வேண்டும். முடிவில் தொடக்கப் பக்கத்தில் இரண்டு முனை, இறுதிப் பக்கத்தில் இரண்டு முனை என்று நான்கு முனைகள் இருக்கும். அவற்றின் இனாமலைப் பிளேடால் நன்றாகச் சுரண்டிப் பளபளப்பாக்க வேண்டும்.

முதல் கம்பியின் தொடக்க முனையையும், இரண்டாம் கம்பியின் இறுதி முனையையும் சேர்த்து முறுக்கிக் கட்டையின் பாசிட்டிவ் பக்கம் இணைக்கவும். இந்த இணைப்புதான் முக்கியம். இரண்டு தொடக்க முனைகளையும் சேர்த்துவிட்டால் விளக்கு எரியாது.

டிரான்சிஸ்டரின் தட்டையான முகம் நம்மை நோக்கியிருக்க, கால்கள் கீழே தொங்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று வரும். மீதியுள்ள இரு முனைகளில் ஒன்றை ரெசிஸ்டர் வழியாக நடுக்காலான பேஸுக்கு இணைக்கவும். மற்றதைக் கலெக்டருக்கு இணைக்கவும். எமிட்டர் கட்டையின் நெகட்டிவ் பக்கம் போக வேண்டும். எல்.இ.டி.யின் நீளக் காலைக் கலெக்டருக்கும் குட்டைக் காலை எமிட்டருக்கும் இணைத்தால் வேலை முடிந்தது. எல்லா இணைப்புகளையும் ஈயம் வைத்துப் பற்றவைப்பது நல்லது.

உள்ளே நடப்பது என்ன?

கட்டையை வைத்ததும் பேஸ் வழியாகச் சிறு மின்சாரம் பாய்ந்து டிரான்சிஸ்டரைத் திறக்கிறது. உடனே கலெக்டர் பக்கத்துக் காயிலில் மின்சாரம் ஏறத் தொடங்குகிறது. அந்த ஏற்றம் பக்கத்துச் சுற்றில் அழுத்தத்தை உண்டாக்கி பேஸை மேலும் தூண்டுகிறது. மடை அகலமாகத் திறக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நிலையில் மின்சாரம் அதற்கு மேல் ஏற முடியாமல் நிற்கிறது. தூண்டுதல் அறுந்து, மடை திடீரென்று மூடிக்கொள்கிறது. காந்தப் புலம் சரிந்து, 3 வோல்ட்டுக்கு மேல் எழும் அழுத்தம் எல்.இ.டி. வழியாகப் பாய்கிறது. மறுகணம் மீண்டும் தொடக்கம். நொடிக்குப் பல ஆயிரம் முறை இவ்வாறு நடப்பதால், கண்ணுக்கு விளக்கு விடாமல் எரிவதாகவே தோன்றும்.

எரியவில்லையா?

முதலில் ஒரு காயிலின் இரு முனைகளையும் மாற்றி இணைத்துப் பார்க்கவும். பெரும்பாலும் தவறு அங்கேதான் இருக்கும். பிறகு இனாமல் சரியாகச் சுரண்டப்பட்டதா, எல்.இ.டி. தலைகீழாக உள்ளதா, டிரான்சிஸ்டர் கால்கள் மாறியுள்ளனவா என்று கவனிக்கவும். கட்டை 0.6 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் சர்க்யூட் தொடங்காது. அந்தக் கட்டை உண்மையிலேயே தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

எதற்கு உதவும், எதற்கு உதவாது?

காயில் சக்தியை உண்டாக்குவதில்லை. மாற்றித் தருகிறது, அவ்வளவே. எல்.இ.டி.க்கு 3 வோல்ட்டில் 10 மில்லி ஆம்பியர் தேவை என்றால் அது 30 மில்லி வாட். ஒரு வோல்ட் கட்டை இதைத் தர, குறைந்தது 30 மில்லி ஆம்பியர் கொடுக்க வேண்டும். வழியில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் 50 மில்லி ஆம்பியர் வரை ஆகும். ஆகவே கட்டை வலுவிழக்க இழக்க ஒளியும் மங்கிக்கொண்டே வரும்.

ஸ்டார்ட்டர் பெட்டி, கொட்டகை வாசற்படி, மாட்டுக் கொட்டில், மின்சாரம் நின்ற வேளையில் தறிக்குழியின் ஓரம் ஆகிய இடங்களுக்கு இந்த ஒளி போதும். வரப்பில் நடக்க இதை நம்பவே கூடாது. கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் இரவில் நடமாடுபவை. நடப்பதற்கு நல்ல டார்ச் விளக்கும், கணுக்காலை மூடும் காலணியும், தரையைத் தட்டிச் செல்ல ஒரு கோலும் அவசியம். பாம்பு கடித்தால் கீறுதல், உறிஞ்சுதல், இறுக்கிக் கட்டுதல் ஆகியவை கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மோட்டாருக்கும் இப்படிச் சுற்றலாமா?

ஒரு வோல்ட்டை மூன்றாக்க முடிந்தால், லோ வோல்டேஜில் திணறும் 5 குதிரைத்திறன் மோட்டாருக்கும் வீட்டிலேயே பூஸ்டர் சுற்றிக்கொள்ளலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. இதைச் செய்யவே கூடாது. மேலே சொன்ன விளக்கு 30 மில்லி வாட். 5 குதிரைத்திறன் மோட்டார் ஏறக்குறைய 3,700 வாட். அதாவது லட்சம் மடங்குக்கும் மேல். கட்டையின் ஒன்றரை வோல்ட் கையைச் சுடாது. 415 வோல்ட் உயிரை எடுக்கும். இன்சுலேஷன் சரியில்லாத கைச்சுற்றுப் பூஸ்டர் கொட்டகையையே எரித்துவிடும்.

மேலும், பூஸ்டர் தன் மோட்டாரை மட்டுமே காக்கும். லைனில் இல்லாத சக்தியை அது கொண்டுவராது. அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் மோட்டாரின் முறுக்குத் திறன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. வேலை குறையாததால் மோட்டார் கூடுதல் மின்சாரத்தை இழுத்துச் சூடேறுகிறது, காயில் கருகுகிறது. இதற்கான நல்ல வழிகள் வேறு:

* மோட்டாருக்கு ஏற்ற கண்டென்சரைப் பொருத்துதல். 5 குதிரைத்திறனுக்கு 2 கே.வி.ஏ.ஆர். அளவு வழக்கம். லைனில் ஓடும் மின்சாரம் ஆறில் ஒரு பங்கு வரை குறையக்கூடும். அதனால் லைனின் கடைசியில் உள்ள கிணற்றுக்கும் அழுத்தம் சற்று உயரும். மோட்டாரை நிறுத்திய பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தேங்கியிருக்கும் என்பதால் அதைத் தொடக்கூடாது.
* புட்வால்வு அடைப்பை நீக்கி, தேவையற்ற வளைவுகளைக் குறைத்து, போதிய விட்டமுள்ள குழாய் போடுதல்.
* ஓவர்லோடு ரிலேயை மோட்டாரின் ஆம்பியருக்குச் சரியாக வைத்தல். அடிக்கடி டிரிப் ஆகிறது என்று ரிலேயைக் கட்டிவைப்பவர்கள் காயில் கட்டும் கடைக்குத்தான் போக நேரும்.
* ஒரே டிரான்ஸ்பார்மரில் உள்ள விவசாயிகள் முறை வைத்து மோட்டார் போடுதல். குறை நீடித்தால் கூட்டாக மின்வாரிய அலுவலகத்தில் மனுக் கொடுத்தல்.

காட்டுப்பன்றிக்காக வேலியில் நேரடியாக மின்சாரம் விடுவதும், கையால் காயில் சுற்றி வேலிக்கு அதிர்ச்சி ஏற்றுவதும் குற்றம் மட்டுமல்ல, கொலைக்கும் சமம். முறையான மின்வேலிக் கருவி மிகக் குறுகிய, அளவான துடிப்புகளை மட்டுமே தரும்படி செய்யப்பட்டது. அந்த அளவைக் கையால் சுற்றிப் பெற முடியாது.

ஒரு கட்டை, ஒரு வளையம், இரண்டு முழக் கம்பி ஆகிய இவ்வளவோடு வீட்டுச் சோதனையை நிறுத்திக்கொள்வோம். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளையும் உட்கார வைத்துச் சுற்றச் சொல்லலாம். பாடத்தில் படித்த மின்தூண்டல் கையில் விளங்கும். முழுவதும் தீர்ந்த கட்டைகளை வாய்க்காலிலும் கிணற்றிலும் எறியாமல், எரிக்காமல், ஒரு டப்பாவில் சேர்த்துப் பழைய மின்பொருள் சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்கவும். பம்புசெட்டு பற்றிய ஐயங்களுக்கு அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தை அணுகி ஆலோசனை பெறலாம்.