பொன்முடி வழியில் ஒரு பெயர்

தம்பானூரில் பொன்முடிப் பேருந்து ஏறுகிறவர்களின் நினைப்பெல்லாம் கல்லாற்றுக்கு அப்பால் வரும் 22 கொண்டை ஊசி வளைவுகளிலும் உச்சியின் மூடுபனியிலும்தான் இருக்கும். நெடுமங்காட்டுக்கு முன்பே பேரூர்க்கடை வந்துபோகும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நாள்தோறும் பாடப்படும் தமிழ்த்தாய் வாழ்த்தை இயற்றியவர் வாழ்ந்த இடம் அது.

ஆலப்புழையில் 1855இல் பிறந்த பெ. சுந்தரம் பிள்ளை, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியர். தன் ஆசிரியர் ராபர்ட் ஹார்வி நினைவாகப் பேரூர்க்கடை வீட்டுக்கு ஹார்விபுரம் என்று பெயர் வைத்தார். 1891இல் வெளிவந்த மனோன்மணீயம் நாடகத்தையும் அவருக்கே காணிக்கையாக்கினார். விவேகானந்தர் 1892 டிசம்பரில் திருவனந்தபுரம் வந்தபோது சந்தித்தவர்களில் சுந்தரம் பிள்ளையும் ஒருவர். கோயில் கல்வெட்டுகளைத் தேடிப் படித்து, வேணாட்டின் பழைய அரசர்களை வரிசைப்படுத்தி நூல் எழுதியதும் அவர்தான். கல்லில் பொறித்த பெயருக்கு என்ன பெறுமதி என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்நாளில் அங்கே குறைவு. 1897இல், 42 வயதில் காலமானார்.

அப்போது மகன் நடராஜ பிள்ளைக்கு ஆறு வயது. வளர்ந்து திருவிதாங்கூர் விடுதலைப் போராட்டத்தில் இறங்கினார். சர் சி.பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்த காலத்தில் ஹார்விபுரம் பறிமுதலானது. பின்னாளில் திருவிதாங்கூர்-கொச்சியின் நிதியமைச்சராகி, 1954இல் நிலச்சீர்திருத்த மசோதாக்களைக் கொண்டுவந்த அதே மனிதர், தன் குடும்பச் சொத்தைத் திரும்பக் கேட்காமல் ஓலைக் குடிசையில் வாழ்ந்தார் என்று சொல்வார்கள். எனக்கு இந்தக் குடும்பக் கதையில் மிகப் பெரிய பகுதி இதுதான். இன்று பேரூர்க்கடை அரசு மேல்நிலைப் பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தந்தையின் பெயரில் திருநெல்வேலியில் 1990 முதல் பல்கலைக்கழகம் இருக்கிறது.

அன்று திருவனந்தபுரம் நாஞ்சில் நாட்டுத் தமிழருக்கும் தலைநகர். படிப்பு, உத்தியோகம், வழக்கு எல்லாவற்றுக்கும் அங்கேதான் போனார்கள். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அங்குள்ள மகளிர் கல்லூரியில் பணியாற்றினார். 1956 நவம்பர் 1இல் நாஞ்சில் நாடு அடங்கிய கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதன் பிறகு அந்த நகரத்தின் தமிழ் முகவரிகள் நம் நினைவிலிருந்து மெல்ல நழுவின.

முகவரிகள் இப்படி நழுவாமல் இருக்க, லண்டனில் 1867இலேயே கவிஞர் பைரன் பிறந்த வீட்டில் பெயர்ப் பலகை வைத்தார்கள். 1889இல் அந்த வீடே இடிக்கப்பட்டது. ஆனாலும் வழக்கம் நிலைத்தது. புட்னியில் நம் கணிதமேதை ராமானுஜன் தங்கிய வீட்டிலும் நீலப் பலகை உண்டு. சென்னையிலோ, உ.வே.சாமிநாதையரின் திருவல்லிக்கேணி வீட்டை 2012இல் இடித்தார்கள்.

பேரூர்க்கடைச் சாலையோரத்தில், பேருந்து சன்னலிலிருந்தே படிக்கிற மாதிரி, தமிழிலும் மலையாளத்திலும் ஒரு கல் வேண்டும். தந்தையின் பாடலோடு, மகன் இழந்த வீட்டையும் அது சொல்ல வேண்டும். இரு மாநில அரசுகளும் சேர்ந்தே செய்யலாம். 2007இல் மறைந்த எழுத்தாளர் நகுலன் வாழ்ந்த கவடியாருக்கும், எழுத்தாளர் ஆ. மாதவன் தன் கதைகளில் வாழவைத்த சாலைக் கடைத்தெருவுக்கும் அடுத்தடுத்த கற்கள் போகட்டும்.