கலக்கக் கூடாத மருந்து

நாரணாபுரத்திலும் சிவகாசியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் 'மருந்து' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று நோய் தீர்ப்பது. மற்றொன்று பட்டாசில் அடைப்பது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் ஆகியவை தனித்தனியே இருக்கும்போது இல்லாத வேகம், கலந்தபின் வந்துவிடுகிறது. இதை இங்குள்ள குடும்பங்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அதே எச்சரிக்கை நம் பிள்ளைகள் உட்கொள்ளும் மருந்துக்கும் தேவை.

மனச்சோர்வு, பதற்றம், மனச்சிதைவு போன்றவற்றுக்காக வளரிளம் பருவத்தினர் சிலர் மருத்துவர் தரும் மாத்திரைகளை உட்கொள்கின்றனர். இதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஆனால் அதனோடு போதைப்பொருள் சேர்ந்தால் ஆபத்து.

டயசிபாம், குளோனசிபாம் போன்ற மாத்திரைகளோடு மது சேர்ந்தால் உறக்கத்திலேயே மூச்சு தளர்ந்து நின்றுவிடலாம். மனச்சோர்வுக்கான ஃபுளூவாக்சிடின், செர்ட்ராலின் உட்கொள்பவர், டிரமடால் போன்ற வலி மாத்திரையைப் போதைக்காக விழுங்கினால் கடும் காய்ச்சல், நடுக்கம், வலிப்பு வரலாம். கஞ்சா, மனச்சிதைவு நோயைத் தீவிரமாக்கும். புகைப்பழக்கம் ஒலான்சபின் மருந்தின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். லித்தியம் உட்கொள்பவர் குடித்து வாந்தியெடுத்து உடலின் நீர் வற்றினால், அந்த மருந்தே நஞ்சாகலாம். நம் விருதுநகர் மாவட்டத்து வெயில் அதை இன்னும் விரைவாக்கும்.

பிள்ளையின் போதைப் பழக்கம் தெரிந்ததும் கோபத்தில் மாத்திரையை நிறுத்திவிடும் பெற்றோர் உண்டு. அதுவும் தவறு. திடீரென நிறுத்தினால் நோய் திரும்பலாம். சில மாத்திரைகளை நிறுத்தினால் வலிப்பே வரலாம். நிறுத்துவதையும் குறைப்பதையும் மருத்துவரே முடிவு செய்யவேண்டும்.

பிள்ளை மயங்கிக் கிடந்தால், 'தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்' என்று விட்டுவிடக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைப்போம். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்வோம். மனநல ஆலோசனைக்கு, 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

ஊர் பேசும் என்ற அச்சத்தில் உண்மையை மருத்துவரிடம் மறைக்கும் வீட்டில்தான் ஆபத்து அதிகம். அன்பியக் கூட்டங்களில் இதைப் புறம்பேசாமல், பரிவோடு பேசப் பழகுவோம். 'ஏன் இப்படிச் செய்தாய்?' என்ற கேள்வி பிறகு இருக்கட்டும். 'என்ன சாப்பிட்டாய்? எப்போது சாப்பிட்டாய்?' என்று முதலில் கேட்போம். அடிக்குப் பயப்படாத பிள்ளைதான் அதற்கு உண்மையான பதில் சொல்லும்.