ஒரே ஃப்ளைட், ரெண்டு பாஸ்

"ஃபேமிலியோட சிங்கப்பூர்ல செட்டில் ஆகுறது ஈஸியா?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அது உங்க கையில இருக்கிற பாஸைப் பொறுத்தது.

திருச்சி டூ சிங்கப்பூர் ஃப்ளைட்ல எங்க பெரம்பலூர், அரியலூர் பக்கத்து ஆட்களை எப்பவும் பார்க்கலாம். எங்க பக்கம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். மழை ஏமாத்தினாலும் கடன், வெங்காய விலை விழுந்தாலும் கடன். அதனால "டெஸ்ட் அடிச்சு", அதாவது கட்டுமான வேலைக்கான ஸ்கில் டெஸ்ட்ல பாஸாகி, ஏஜெண்டுக்குப் பணம் கட்டிக் கிளம்புறாங்க. அதே ஃப்ளைட்ல லேப்டாப் பையோட, மனைவி குழந்தையோட என்னை மாதிரி ஒருத்தனும் இருப்பான்.

இறங்கினதும் ரெண்டு பேருக்கும் சட்டம் வேற. எனக்கு எம்ப்ளாய்மெண்ட் பாஸ். 2025 ஜனவரியிலிருந்து அதுக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 வெள்ளி. (டாலரை அங்க தமிழ்ல வெள்ளின்னுதான் சொல்லுவாங்க.) சம்பளம் 6,000 வெள்ளியைத் தொட்டா மனைவிக்கும் 21 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகளுக்கும் டிபெண்டன்ட் பாஸ் கேட்கலாம். 12,000 வந்தா அப்பா அம்மாவையும் கூட வச்சுக்கலாம்.

அவருக்கு வொர்க் பெர்மிட். அதுல குடும்பத்தை அழைச்சுட்டு வரவே வழியில்ல. நிரந்தரவாசம் கேட்டு விண்ணப்பிக்கவும் முடியாது. சிங்கப்பூர்க்காரரையோ அங்க நிரந்தரவாசியா இருக்கிறவரையோ கல்யாணம் பண்ணணும்னா மனிதவள அமைச்சகத்தோட அனுமதி வாங்கணும். அவர் பேர்ல முதலாளி 5,000 வெள்ளி பிணைத்தொகை கட்டியிருப்பார். வேலைக்குப் பல பேர் போறது லாரியோட பின்பக்கம் உக்காந்து.

இத்தனை வருஷம்தான் வேலை பார்க்கலாம்னு முன்னாடி ஒரு உச்சவரம்பு இருந்துச்சு. 2025 ஜூலையில அதை எடுத்துட்டு, வயசு வரம்பை 63 ஆக்கிட்டாங்க. நல்ல செய்திதான். ஆனா யோசிங்க, இருபதுல போன ஒருத்தர் 63 வரைக்கும் தனியாவே அங்க இருக்கலாம்.

இந்தப் பிரிவு அப்பட்டமா தெரிஞ்சது 2020ல. கொரோனா எண்ணிக்கையையே டார்மிட்டரி தனி, சமூகம் தனின்னு பிரிச்சு அறிவிச்சாங்க. டார்மிட்டரியில மட்டும் மூணு லட்சத்துக்கு மேல தொழிலாளர்கள். ஊர் திறந்த பிறகும், 2022 ஜூன் வரைக்கும் அவங்க வெளிய போக எக்ஸிட் பாஸ் வேணும்.

எங்க எக்ஸ்பேட் வாட்ஸ்ஆப் குரூப்ல வாடகை, குழந்தைக் காப்பகக் கட்டணம், ஸ்கூல் சீட்னு புலம்பல் ஓடும். எல்லாம் நிஜமான கஷ்டம்தான். ஆனா பிள்ளை பக்கத்துல இருக்கிறவங்களுக்கு மட்டும் வர்ற கஷ்டம்.

"நீ படிச்ச, உழைச்ச, அதனால கிடைச்சது"ன்னு சொல்லுவாங்க. எங்க அப்பா வாத்தியார். மாசம் பிறந்தா சம்பளம் வந்துடும், காலேஜ் ஃபீஸ் மழையை நம்பி இல்ல. என்கூட ப்ளஸ் டூ படிச்சவங்கள்ல சிலர் என்னைவிட நல்லா கணக்குப் போடுவாங்க, இன்னைக்கு ஜூரோங் பக்கம் கம்பி கட்டுறாங்க.

ஞாயித்துக்கிழமை லிட்டில் இந்தியா போனா, செந்துறைப் பக்கத்து அண்ணன் ஒருத்தரை டீக்கடையில பார்ப்பேன். பதினொரு வருஷமா அங்க இருக்கார். பையன் வளர்ந்தது முழுக்க வீடியோ கால்லதான். போன வாரம் அவர் கேட்டது: "தம்பி, இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்க கட்-ஆஃப் எவ்வளவு வேணும்?"