வாக்களித்தும் எண்ணப்படாத வாக்கு: மாணவர்களும் பெற்றோரும் அறிய வேண்டியவை

ஆஸ்திரேலியக் குடியுரிமை உடைய, 18 வயது நிறைந்த அனைவரும் வாக்களிப்பது சட்டப்படி கட்டாயமாகும். மத்திய தேர்தல்களுக்கு இக்கடமை 1924ஆம் ஆண்டில் சட்டமாக்கப்பட்டது. எனினும், வாக்குச்சீட்டைப் பெட்டியில் இட்டுவிட்டால் மட்டும் ஒருவரது வாக்கு எண்ணப்பட்டுவிடாது. உரிய முறையில் நிரப்பப்படாத சீட்டு, செல்லாத வாக்காக ஒதுக்கப்படும்.

2019, 2022ஆம் ஆண்டுகளின் மத்திய தேர்தல்களில் பிரதிநிதிகள் சபைக்கு அளிக்கப்பட்ட வாக்குகளில் நூற்றுக்கு 5க்கும் மேற்பட்டவை இவ்வாறு ஒதுக்கப்பட்டன. 2019இல் மேற்குச் சிட்னியின் பிளாக்ஸ்லாந்து, ஃபவுலர், வாட்சன் ஆகிய தொகுதிகளில் இவ்வளவு நூற்றுக்கு 10ஐயும் தாண்டியது. வெற்றுச் சீட்டை வேண்டுமென்றே இட்டவர்களும் அவர்களுள் உண்டு. ஆயினும், முறையைச் சரிவர அறியாமையால் தம் வாக்கை இழந்தவர்களும் பலர்.

மூன்று நிலை அரசுகள்

குடிவரவு, வருமான வரி, மெடிகேர் ஆகியவை மத்திய அரசின் பொறுப்பில் உள்ளன. அரசுப் பள்ளிகள், மருத்துவமனைகள், காவல்துறை, இரயில் சேவை ஆகியவற்றை மாநில அரசு நடத்துகிறது. குப்பை அகற்றல், நூலகங்கள், பூங்காக்கள், உள்ளூர்ச் சாலைகள், கட்டட அனுமதி விண்ணப்பங்கள் ஆகியவற்றை நகரசபை கவனிக்கிறது. இம்மூன்றுக்கும் தனித்தனியே தேர்தல் நடைபெறும். வாக்காளர் பதிவு மட்டும் ஒன்றே. 16 வயது நிறைந்த மாணவர்கள் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளலாம். 18 வயது நிறைந்ததும் வாக்களிக்கும் தகுதி அவர்களுக்குத் தானாகவே வந்துவிடும். வீடு மாறியவர்கள் தம் புதிய முகவரியைப் பதிவு செய்தல் வேண்டும்.

தவறு நேரும் இடம்

இலங்கையில் வாக்களித்துப் பழகியவர்கள் புள்ளடி இடுவதையும், இந்தியாவில் வாக்களித்துப் பழகியவர்கள் இயந்திரத்தின் பொத்தானை அழுத்துவதையும் அறிவர். ஆஸ்திரேலியாவில் வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி எண்ணிட வேண்டும். அத்துடன், எத்தனை கட்டங்களுக்கு எண்ணிட வேண்டும் என்பது தேர்தலுக்குத் தேர்தல் மாறுபடும்.

• மத்திய தேர்தல், பிரதிநிதிகள் சபை: எல்லாக் கட்டங்களிலும் எண்ணிடல் வேண்டும். எட்டு வேட்பாளர்கள் இருப்பின் 1 முதல் 8 வரை, எந்த எண்ணும் விடுபடாமலும் இரு முறை வாராமலும் எழுத வேண்டும்.
• மத்திய தேர்தல், செனட் சபை: கோட்டுக்கு மேல் குறைந்தது 6 கட்டங்கள், அல்லது கோட்டுக்குக் கீழ் குறைந்தது 12 கட்டங்கள்.
• நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கீழவை: ஒரு வேட்பாளருக்கு 1 என்று எழுதினாலே போதும்; ஏனைய கட்டங்களை நிரப்புவது வாக்காளரின் விருப்பம்.
• நகரசபை: மக்களே நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுக்கும் இடங்களில், மேயர் சீட்டில் 1 மட்டும் போதும். உறுப்பினர் சீட்டில், அதில் அச்சிடப்பட்டுள்ள அறிவுறுத்தலைப் பின்பற்ற வேண்டும்.

மாநிலத் தேர்தலில் 1 மட்டும் எழுதிப் பழகியவர், மத்திய தேர்தலிலும் அவ்வாறே செய்தால் அவரது வாக்கு செல்லாது. இரு தேர்தல்களின் கீழவைச் சீட்டுகளிலும் எல்லாக் கட்டங்களையும் வரிசையாக எண்ணிடுவதே பாதுகாப்பான வழியாகும்.

விருப்ப வரிசை பயன்படும் விதம்

முதல் எண்ணிக்கையில் எவரும் பாதிக்கு மேல் வாக்குப் பெறாவிடில், கடைசி இடத்தில் உள்ள வேட்பாளர் நீக்கப்படுவார். அவருடைய சீட்டுகள், அவற்றில் 2 எனக் குறிக்கப்பட்டவர்களுக்குச் சென்று சேரும். ஒருவர் பாதிக்கு மேல் பெறும்வரை இது தொடரும். ஆகவே, சிறிய கட்சியின் வேட்பாளருக்கு 1 அளிப்பதால் வாக்கு வீணாவதில்லை. பின்வரும் எண்கள் முதல் விருப்பத்திற்கு ஊறு செய்வதுமில்லை. வாசலில் கட்சியினர் தரும் துண்டுப்பிரசுரம் வெறும் பரிந்துரையே. அதைப் பின்பற்ற வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

வாக்காளரின் உரிமைகள்

வாக்கு இரகசியமானது. யாருக்கு வாக்களித்தீர் என்று கணவரோ, பெற்றோரோ, முதலாளியோ வற்புறுத்திக் கேட்டாலும் விடையளிக்க வேண்டியதில்லை. சீட்டை எழுதும்போது பிழை நேர்ந்தால், பெட்டியில் இடுவதற்கு முன் அதைத் தேர்தல் அலுவலரிடம் ஒப்படைத்து வேறு சீட்டுப் பெறலாம். தாமாக வாக்களிக்க இயலாதவர் உதவி கோரலாம். வேட்பாளர் மட்டும் அவ்வுதவியைச் செய்யக்கூடாது.

இன்னும் குடியுரிமை பெறாதோர்

நிரந்தர வதிவிட உரிமை உடையோரும் வெளிநாட்டு மாணவர்களும் மத்திய, மாநிலத் தேர்தல்களில் வாக்களிக்க இயலாது. ஆயினும் நகரசபையின் முடிவுகளில் அவர்களது குரலுக்கும் இடமுண்டு. நியூ சவுத் வேல்ஸ் நகரசபைகள் தம் ஆண்டுச் செயற்திட்ட வரைவை ஆண்டுதோறும் குறைந்தது 28 நாட்கள் மக்கள் பார்வைக்கு வைத்தல் வேண்டும். அக்காலத்தில் எவரும் எழுத்துமூலம் கருத்துத் தெரிவிக்கலாம்; நகரசபை அவற்றைப் பரிசீலித்த பின்னரே திட்டத்தை ஏற்க முடியும். பள்ளிக்கு அருகே பாதசாரிக் கடவை தேவை, நூலகத்தில் தமிழ் நூல்கள் வேண்டும் என்பன போன்ற கோரிக்கைகளை மாணவர்களும் எழுதி அனுப்பலாம். நகரசபைக் கூட்டங்களைப் பொதுமக்கள் நேரில் காணலாம்.

மொழிபெயர்ப்பாளர் உதவி தேவைப்படுவோர் 131 450 என்ற எண்ணை அழைத்து, ‘தமிழ்’ என்று கூறி, தாம் பேச விரும்பும் அலுவலகத்துடன் இணைக்குமாறு கேட்கலாம்.