வரி (வடிவம்)

இக்கட்டுரை கோட்டு வடிவத்தைப் பற்றியது. அரசுக்குச் செலுத்தும் வரி, சொல் விளக்கத்தில் மட்டும் குறிப்பிடப்படுகிறது.

வரி என்பது ஒரு பரப்பின் நிறத்திலிருந்து வேறுபட்ட நிறத்தில் நீண்டு அமையும் பட்டை அல்லது கோடு ஆகும். இத்தகைய பட்டைகள் ஏறத்தாழ இணையாகத் திரும்பத் திரும்ப அமைவது வரிக்கோலம் எனப்படும். விலங்குகளின் தோல், நெய்த துணி, காவியும் வெள்ளையும் மாறிமாறிப் பூசப்பட்ட கோயில் மதில் ஆகியவற்றில் இதனைக் காணலாம்.

சொல் விளக்கம்

வரிதல் என்னும் வினைக்கு எழுதுதல், கட்டுதல் முதலிய பொருள்கள் உண்டு. கோடு, எழுத்துகளின் வரிசை, பாடல் வகை, அரசிறை ஆகியவற்றை வரி என்னும் பெயர்ச்சொல் குறிக்கும். சிலப்பதிகாரத்தின் கானல்வரி, வேட்டுவ வரி ஆகிய பகுதிகளின் பெயர்களில் இது பாடலைக் குறிக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் காணப்படும் வரிப்பொத்தகம் என்னும் சொல் அரசிறைக் கணக்கோடு தொடர்புடையது. இலக்கணத்தில் எழுத்தின் ஒலிவடிவத்திலிருந்து வேறுபடுத்திக் கூறப்படுவது வரிவடிவம். வரிப்புலி, வரிவண்டு என்னும் வழக்குகளை ஒட்டியே ஆப்பிரிக்க விலங்கு ஒன்று தமிழில் வரிக்குதிரை எனப் பெயர் பெற்றது.

இயற்கையில் வரிகள்

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும் அணிலின் முதுகில் மூன்று வெண்ணிற வரிகள் உள்ளன. வட இந்தியாவில் பரவலாக உள்ள மற்றோர் இனத்திற்கு ஐந்து வரிகள் உண்டு. புலியின் வரிகள் ஒவ்வொரு புலிக்கும் வேறுபடும். ஆகவே தானியங்கி ஒளிப்படக் கருவிகளில் பதிவான வரிகளை ஒப்பிட்டுப் புலிகள் தனித்தனியே அடையாளம் காணப்படுகின்றன.

இவ்வரிகள் தோன்றும் முறைக்கு ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1952இல் ஒரு விளக்கம் அளித்தார். இதன்படி, தன்னைத் தானே பெருக்கும் ஒரு வேதிப்பொருளும், அதனைத் தடுத்து அதைவிட விரைவாகப் பரவும் மற்றொரு வேதிப்பொருளும் சேர்ந்தால், சீரான பரப்பில் புள்ளிகளோ வரிகளோ தாமாகவே உருவாகலாம். 1995இல் கொண்டோ, அசாய் என்னும் சப்பானிய ஆய்வாளர்கள் கடல்மீன் ஒன்றில் இதற்குச் சான்று காட்டினர். மீன் வளரும்போது பழைய வரிகள் விரிந்துகொண்டே போகாமல் அவற்றின் நடுவே புதிய வரிகள் தோன்றி, இடைவெளி காக்கப்பட்டது.

வரிகளின் பயன் விலங்குக்கு விலங்கு வேறுபடும். புலிக்கு அவை புல்வெளியிலும் புதரிலும் மறைந்திருக்க உதவுகின்றன. வரிக்குதிரையைப் பொறுத்தவரை, கடிக்கும் ஈக்களைத் தவிர்க்க அவை உதவுகின்றன என்பதற்குச் சான்றுகள் உள்ளன. 2019இல் வெளியான ஆய்வொன்றில், வரியிட்ட போர்வை அணிந்த குதிரைகளின் மீது, ஒற்றை நிறப் போர்வை அணிந்தவற்றைவிடக் குறைவான ஈக்களே அமர்ந்தன.

கட்டுவிரியனும் வெள்ளிக்கோல் வரையனும்

வரிகளைத் தவறாகப் புரிந்துகொள்வது உயிருக்கு ஆபத்தாகலாம். கடும் நச்சுடைய கட்டுவிரியனின் கரிய உடலில் மெல்லிய வெண்பட்டைகள் குறுக்கே அமைந்துள்ளன. நஞ்சற்ற வெள்ளிக்கோல் வரையனும் இதனைப் போன்ற தோற்றம் உடையது. பொதுவாகக் கட்டுவிரியனின் பட்டைகள் கழுத்தருகே மங்கலாகவோ இல்லாமலோ இருந்து வாலை நோக்கித் தெளிவாகும். வெள்ளிக்கோல் வரையனில் அவை கழுத்தருகே தெளிவாக இருந்து வாலை நோக்கி மங்கும். எனினும் இளம் பாம்புகளில் இவ்வேறுபாடு பொருந்தாமல் போகலாம். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. அதன் கடி பெரும்பாலும் வலியோ வீக்கமோ தராது. ஆகவே வரிகளை வைத்து முடிவு செய்யாமல், பாம்பு கடித்தவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

துணிகளில் வரிகள்

தறியில் நீளவாக்கில் கட்டப்படும் இழைகள் பாவு எனவும், நாடாவின் மூலம் குறுக்கே செலுத்தப்படும் இழைகள் ஊடை எனவும் அழைக்கப்படும். எடுத்துக்காட்டாக, பாவில் 20 வெள்ளை இழைகளுக்கு அடுத்து 4 சிவப்பு இழைகள் என அடுக்கினால் நீள வரி கிடைக்கும். ஊடையில் நிறம் மாற்றினால் குறுக்கு வரியும், இரண்டிலும் மாற்றினால் கட்டமும் உண்டாகும்.

நீள வரி பாவு ஓட்டும்போதே முடிவாகிவிடுகிறது. நெய்யத் தொடங்கிய பின் அதனை மாற்றுவது கடினம். குறுக்கு வரியோ நெசவாளரின் கையில் உள்ளது. அவர் ஊடை இழைகளை எண்ணி, உரிய இடத்தில் வேறு நிற நூல் உள்ள நாடாவை எடுக்க வேண்டும். ஒரே நாடாவில் இயங்கும் எளிய விசைத்தறியில் நீள வரியை எளிதாக நெய்யலாம். குறுக்கு வரிக்குக் கூடுதல் அமைப்பு தேவை. மேலும், வரித்துணிக்கு நூலை முன்கூட்டியே சாயமேற்ற வேண்டும். சாயம் நிலைக்காவிட்டால் முதல் சலவையிலேயே சிவப்பு வெள்ளையில் இறங்கிவிடும்.

செல்லூரும் நெசவும்

மதுரையில் வைகையின் வடகரையில் உள்ள செல்லூர் நெசவுக்குப் பெயர்பெற்ற பகுதியாகும். மதுரையின் புகழ்பெற்ற சுங்குடிச் சேலை, துணியை முடிச்சிட்டுச் சாயமேற்றிப் பெறும் புள்ளிகளால் ஆனது. பவானி ஜமக்காளமோ பல நிறப் பட்டைகளால் ஆனது. இவ்விரண்டும் 2005-06இல் புவிசார் குறியீடு பெற்றன.

சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, ஜமக்காளம் முதலியவற்றில் வரையறுக்கப்பட்ட வகைகளைக் கைத்தறிக்கு ஒதுக்கும் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் 1985இல் இயற்றியது. உச்ச நீதிமன்றம் 1993இல் இச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. விசைத்தறித் துணி குறைந்த நேரத்தில் நெய்யப்பட்டு மலிவாகக் கிடைப்பதால், அது கைத்தறி என விற்கப்படும்போது கைத்தறி நெசவாளரின் கூலியும் வேலையும் பாதிக்கப்படுகின்றன. துணியின் வரிகளை மட்டும் பார்த்து இரண்டையும் வேறுபடுத்துவது எளிதன்று.