நம் மலைகளை வரைந்த புத்தகங்கள்

பெரிய அளவில், வழவழப்பான தாளில், பக்கம் முழுக்கப் படமாக வரும் புத்தகங்களைக் காபி டேபிள் புத்தகம் என்கிறோம். செட்டிநாட்டு வீடுகள், அரண்மனைகள், பயணங்கள், வீட்டு அலங்காரம் என்று எதைப் பற்றியும் வருகின்றன. விலையைப் பார்த்ததும் பலர் கையை எடுத்துவிடுவார்கள். தர்மபுரிப் பக்கம் பாப்பாரப்பட்டியில் டீ குடித்துக்கொண்டிருக்கிற நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், இருக்கிறது. இருநூறு வருடத்துக்கு மேற்பட்ட சம்பந்தம்.

1792-ல் மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்ததும் திப்பு சுல்தான் பாராமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகள்தான் அந்தப் பாராமகால். அதே வருடம் தாமஸ் டேனியல் என்ற ஆங்கில ஓவியரும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் சென்னையிலிருந்து தெற்கே புறப்பட்டார்கள். அப்போதுதான் கைமாறியிருந்த மலைக்கோட்டைகளை வழியில் வரைந்தார்கள். பாலக்கோட்டைத் தாண்டி வடக்கே போனால் வருகிற ராயக்கோட்டை அதில் ஒன்று. லண்டன் திரும்பி, 1795 முதல் 1808 வரை 'ஓரியண்டல் சீனரி' என்ற பெயரில் ஆறு பகுதிகளாக 144 படங்களை வெளியிட்டார்கள். முழுத் தொகுதியின் விலை 210 பவுண்டு. அன்றைக்கு அது பிரபுக்களும் கம்பெனி அதிகாரிகளும் மட்டுமே கொடுக்கக்கூடிய பணம்.

போட்டோ கண்டுபிடிக்காத காலத்தில் இந்தப் படங்கள் எப்படி அச்சாயின என்பதைச் சொல்லியாக வேண்டும். லென்ஸ் பொருத்திய ஓர் இருட்டுப் பெட்டி அவர்களிடம் இருந்தது. எதிரே இருக்கும் காட்சி அதற்குள் தாள்மேல் விழும். அதன் விளிம்பைப் பென்சிலால் பிடித்துக்கொள்வார்கள். பிறகு செப்புத் தகடு. கோலமாவு தூவுவதுபோல் தகட்டின்மேல் நுண்ணிய பிசின் தூளைத் தூவி, அடியில் சூடு காட்டினால் ஒவ்வொரு துகளும் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதை அமிலத்தில் போட்டால், துகள் இருக்கும் இடத்தை விட்டுச் சுற்றியுள்ள செம்பை அமிலம் அரிக்கும். வெள்ளையாக நிற்க வேண்டிய வானத்தை முன்கூட்டியே வார்னிஷ் பூசி மறைத்துவிடுவார்கள். கொஞ்ச நேரம் அரித்த இடம் வெளிர் சாம்பல். மறுபடி மறுபடி அமிலத்தில் இறங்கிய இடம் பாறையின் இருட்டு. குழிகளில் மையைத் தேய்த்து, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படம். அதன்மேல் ஒவ்வொரு பிரதிக்கும் கையால் வண்ணம் தீட்ட வேண்டும். ராயக்கோட்டையின் பாறை நிழல் ஒவ்வொன்றுக்கும் இத்தனை வேலை நடந்திருக்கிறது. அந்த உழைப்பின்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். ஓவியர் தூரத்தில் நிற்கிறார். மலை பெரியது, கோட்டை கம்பீரம். டேனியல் படங்களில் ஆட்கள் பெரும்பாலும் சின்ன உருவங்கள். அந்த மதிலை யார் கட்டினார், கல்லை எப்படி ஏற்றினார் என்று படம் சொல்லாது. வாங்குகிறவர் லண்டனில் இருந்தார். அவருக்கு வேண்டியது காட்சி.

உள்ளே இருந்து பார்த்த புத்தகமும் உண்டு. தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் நீதிபதி பதவியில் இருந்த ராம் ராஸ், சிற்ப சாஸ்திர ஏடுகளைத் தேடிச் சேர்த்தார். மானசாரம் அதில் முக்கியமானது. ஏட்டில் இருந்த சொற்கள் பண்டிதருக்கும் புரியவில்லை. வேலை தெரிந்த தஞ்சாவூர்ச் சிற்பி ஒருவரின் துணையோடு அவற்றைப் புரிந்துகொண்டு, கோயில் தூணையும், அதிட்டானம் என்கிற அடித்தளத்தையும், கருவறைமேல் எழும் விமானத்தையும் அளவோடு வரைந்து ஆங்கிலத்தில் விளக்கினார். 48 படங்களோடு 1834-ல் லண்டனில் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டி அதை வெளியிட்டபோது அவர் உயிரோடு இல்லை. என் கணக்கில் டேனியலின் புத்தகத்தைவிட இது ஒரு படி மேல். அழகு குறைவுதான், ஆனால் தூணின் எந்த உறுப்பு எத்தனை பங்கு என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம்.

மூன்றாவது, லாரி பேக்கர். பர்மிங்ஹாமில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-ல் மறைந்த கட்டடக் கலைஞர். செலவைக் குறைத்து வீடு கட்டுவது, மண் வீடு என்று சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டார். படமும் கையால் வரைந்தது, எழுத்தும் கையெழுத்து. எலிப்பொறிக் கட்டு என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, இரண்டு கல்லுக்கு நடுவே மூன்று அங்குலம் வெற்றிடம் விட்டு, அடுத்து ஒரு கல்லைக் குறுக்கே வைக்க வேண்டும். சுவர் அதே ஒன்பது அங்குலம். செங்கல் ஏறத்தாழ கால்வாசி மிச்சம். நடுவில் காற்று நிற்பதால் வெயிலும் சட்டென்று உள்ளே இறங்காது. இதை எழுத்தில் சொல்ல இத்தனை வார்த்தை ஆகிறது. பேக்கரின் கோட்டுப்படத்தைக் காட்டினால் மேஸ்திரி அரை நிமிடத்தில் கல்லை எடுத்து வைத்துவிடுவார்.

வீட்டைப் பற்றிய படப் புத்தகம் எதைத் திறந்தாலும் முதலில் வெட்டுப்படம் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டை நடுவே குறுக்காக அறுத்துப் பக்கத்தில் நின்று பார்க்கும் படம் அது. கூரை எத்தனை அடி, ஜன்னல் எங்கே, சூடான காற்று எந்த வழியாக வெளியேறும் என்பதெல்லாம் அதில்தான் தெரியும். போட்டோ எவ்வளவு பளபளத்தாலும் இதைக் காட்டாது. வெட்டுப்படமும் அளவும் இல்லாமல் சோபாவும் சுவர் வண்ணமும் மட்டும் இருக்கிற புத்தகத்துக்கு ஆயிரக்கணக்கில் பணம் கொடுக்காதீர்கள்.

நம் பக்கத்து ஓட்டு வீடுகளுக்கு இப்படி ஒரு புத்தகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. திண்ணை வைத்த பழைய வீடுகள் இடிந்து கான்கிரீட் தளம் ஏறிக்கொண்டே இருக்கிறது; இடிப்பதைத் தவறு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஒழுகும் கூரைக்குக் கீழே படுக்கிறவருக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஆனால் இடிக்கும் முன் ஒரு டேப்பும் கட்டம் போட்ட தாளும் எடுத்து, பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கூட வைத்துக்கொண்டு அளந்து வரையுங்கள். திண்ணையின் உயரம், சுவரின் கனம், தூலத்தின் நீளம், கைமரங்களின் இடைவெளி, பரணுக்கு ஏறும் வழி எல்லாம் வரட்டும். கட்டினவர் பெயர் தெரிந்தால் அதையும் எழுதி, தேதி போட்டு வையுங்கள்.